கல்லூரி மாணவர்களின் பதற்றமும் மனநல ஆலோசனையும்

ஊர்ப் பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன், நகரத்துக் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்ததும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஒடுங்கிப் போகிறான். விடுதித் தனிமை, ஆங்கில வகுப்பு, வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து தூக்கத்தையும் கெடுக்கின்றன. நாமோ அதைச் சோம்பல் என்கிறோம். சிலர் ஈமானின் பலவீனம் என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய, சி.பி.டி. எனப்படும் சிகிச்சை அந்த எண்ணத்தையே எடுத்து விசாரிக்கிறது. மனதில் ஓடுவதை எழுதச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். பயந்து ஒதுங்கிய வகுப்புக்கு, முதலில் கடைசி வரிசையில் 10 நிமிடம், பிறகு முழு நேரம் என்று படிப்படியாகத் திரும்ப வைப்பார்கள். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

மேற்கத்தியச் சரக்கு என்று முகம் சுளிப்போர் அபூ ஸைத் அல்பல்கீயை (மறைவு ஹிஜ்ரி 322, கி.பி. 934) அறிய வேண்டும். அச்சம், கோபம், கவலை, வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எழுதியவர் அவர். அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார்.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். சிகிச்சை விவரம் வெளியே போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். உயிராபத்து போன்ற சில நிலைகள் தவிர, ரகசியம் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள். உடனிருக்கும் நண்பர்கள் அவரைத் தனியே விடக்கூடாது.