கமலா காட்டிய வழி

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஒரு மலைப்பாதை ஏறுகிறது. கற்கள் பதித்த பாதை. நிதானமாக நடப்பவர்களுக்கு அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். காலைநேரத்தில் அதில் ஏறியவர்களில் பலருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. பின்வாசலருகே படுத்திருக்கும் நாய்களில் ஒன்று எழுந்து சோம்பல் முறித்துவிட்டு, அழைக்காமலேயே நம்முடன் புறப்பட்டுவிடும். நம் கையில் பிஸ்கட் எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகும் திரும்பாது. பத்தடி முன்னால் ஓடும். வளைவில் நின்று நாம் வருகிறோமா என்று பார்க்கும். நாம் மூச்சு வாங்க நின்றால் தானும் ஒரு பாறைமீது அமர்ந்துகொள்ளும்.

நான் முதன்முறை ஏறியபோது என்னுடன் வந்தது செம்மண் நிறத்தில், இடது காது மடிந்த ஒரு நாய். இந்த ஊருக்கும் நாய்களுக்கும் உள்ள உறவைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு படித்தவற்றிலிருந்து புரிந்தது இதுதான்: நாயோடு இம்மலையில் நடப்பது நேற்று வந்த பழக்கமல்ல. அதற்கு எழுதப்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் வழிகாட்டியாக வருவது பெரும்பாலும் நாய்தான், மனிதன் அல்ல.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை அதற்கு மேலேயுள்ள ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். இன்று நாம் ஏறும் பாதை அக்காலத்தில் முக்கியமானதல்ல. ஊர்ப்பக்கத்திலிருந்து, பெரிய கோயிலின் பின்னால் ஏறி வருவதே வழக்கமாக இருந்தது. 1922 மே மாதம் தாயார் அழகம்மாள் காலமாகி மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, ரமணர் ஏறக்குறைய நாள்தோறும் ஸ்கந்தாசிரமத்திலிருந்து இறங்கி அச்சமாதிக்கு வந்துபோனார். அவ்வாண்டின் இறுதியில் ஒருநாள் வந்தவர் திரும்பிப் போகவில்லை. சமாதியைச் சுற்றி எழுந்த கொட்டகையே பின்னாளில் ரமணாசிரமமாயிற்று. ஒரு மகன் தாயின் சமாதிக்கு நடந்துநடந்து நிலைபெற்ற தடத்தில்தான் நாம் இன்று எதிர்த்திசையில் ஏறுகிறோம்.

ஸ்கந்தாசிரம நாட்களில் அங்கே குட்டியாக வந்து சேர்ந்தவள் கமலா. ஆசிரமவாசிகள் அவளை விரட்டப் பார்த்தார்கள். பெண்நாய், ஆண்டுதோறும் ஈன்று இடத்தை நிறைத்துவிடும் என்பது அவர்கள் கவலை. அவள் போகவில்லை. அவர்கள் பயந்தபடியே பெருங்குடும்பமும் உண்டாயிற்று. முதல் பிரசவத்தின்போது அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமமிட்டு, ஆசிரமத்துக்குள்ளேயே சுத்தமான இடமொன்றில் குட்டிகளுடன் பத்து நாட்கள் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்தும் நடந்ததென ரமணரின் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் தமது 1954ஆம் ஆண்டு நூலில் குறிப்பிடுகிறார். நம் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு என்னென்ன உண்டோ அவை யாவும் கமலாவுக்கும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் கமலா நினைவில் நிற்பது வேறொரு காரணத்துக்காக. புதிதாக யாரேனும் மலைக்கு வந்தால், இவரை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டு என்று ரமணர் அவளிடம் சொல்வாராம். அவளும் வந்தவரை அழைத்துச் சென்று, அங்குள்ள ஒவ்வொரு திருவுருவம், சுனை, சன்னிதி எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கொண்டுவந்து சேர்ப்பாளாம்.

இதைப் படிக்கும்போது பலர் கமலா கிரிவலமே அழைத்துச் சென்றதாகக் கருதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் மலையைச் சுற்றி என்று இருப்பதால் வரும் மயக்கம் இது. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதற்கு வழிகாட்டி தேவையில்லை, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். வழிகாட்டி தேவைப்படுவது மேலேதான். விரூபாட்ச குகை, அதனருகே முலைப்பால் தீர்த்தம், கீழே குகை நமசிவாயர் இருந்த இடம், கோடையில் ரமணர் தங்கிய மாமரத்துக் குகை என்று எல்லாம் பாறைகளுக்கும் புதர்களுக்கும் இடையே ஒளிந்துகிடப்பவை. ஒற்றையடித் தடங்கள் பிரிந்துபிரிந்து போகும். புதியவர் திகைத்து நிற்கும் இடம் அதுவே. கமலாவின் பணி அங்கேதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வழி தெரிந்தவர் வழி தெரியாதவரை நெறிப்படுத்துவதற்கு நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டின் கடைசி நூலான மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்ற மறுபெயரும் 583 அடிகளும் கொண்டது. அது இந்த வட்டாரத்தையே பாடுகிறது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு மலைவழியின் இடர்களையெல்லாம் ஒருவர் முன்கூட்டியே எடுத்துச் சொல்கிறார். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ரமணாசிரமத்து வாசலில் ஓடும் சாலை போய்ச்சேரும் ஊர். பெருங்கௌசிகனார் பாட்டில் செய்ததைக் கமலா நாலு கால்களால் செய்தாள் என்று சொன்னால் புலவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

கமலாவை அவள் என்று எழுதிக்கொண்டு வருவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அது நான் கண்டுபிடித்த மரியாதை அல்ல. விலங்குகளை வழக்கமான தமிழ்ப் பேச்சில் சொல்வதுபோல ரமணர் அது என்று சொல்வதில்லை. அவன், அவள் என்றே சொல்வார் என்று ஆஸ்பர்ன் பதிவு செய்கிறார். ஆங்கிலேயர் ஒருவர் இதைக் கவனித்து எழுதியது வியப்பே. தமிழில் இது எத்தனை பெரிய மீறல் என்பது நமக்குத்தான் முழுமையாக விளங்கும். தொல்காப்பியர் காலம்தொட்டு நம் மொழி உலகத்தை இரண்டாக வகுத்திருக்கிறது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. பிறகு வந்த நன்னூலார் தேவரையும் நரகரையும்கூட உயர்திணையில் சேர்த்தாரே தவிர நாயைச் சேர்க்கவில்லை. ஆனால் அவரே ஒரு சன்னலையும் திறந்து வைத்தார். மகிழ்ச்சி, சினம் போன்ற காரணங்களால் திணை மாறிச் சொன்னாலும் ஏற்கலாம் என்பது திணைவழுவமைதி. அன்பு மிகுந்து பசுவைத் தாயென்று பெண்பாலில் சொல்வதை அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். இலக்கணம் வழு என்று கண்டு மன்னித்ததை ரமணர் விதியாகவே வைத்துக்கொண்டார். பசங்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் கேட்டால் அது ஆசிரமத்து நாய்களைப் பற்றிய விசாரிப்பு. முதலில் நாய்களுக்கு, அடுத்து வந்திருக்கும் ஏழைகளுக்கு, கடைசியில்தான் அடியார்களுக்கு என்பதே அங்கே பரிமாறும் வரிசை.

இவ்வளவும் இனிமையான செய்திகள். இத்தோடு நிறுத்தினால் ஆசிரமத்து மலராக இருந்திருக்கும், வரலாறாக இராது. சின்னக் கறுப்பனின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

அதை விரிவாகப் பதிந்தவர் பி. வி. நரசிம்மசுவாமி. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து துறவு பூண்டவர்; பின்னாளில் ஷீரடி சாயிபாபாவின் பெயரைத் தென்னாட்டில் பரப்பியவரும் அவரே. 1931இல் வெளிவந்த அவரது ரமண சரிதத்தில், கறுப்பனைப் பற்றி ரமணரே கூறியதாக அந்தப் பகுதி அமைந்துள்ளது.

விரூபாட்ச குகை நாட்களில், முழுக்கறுப்பான ஓர் உருவம் தூரத்துப் புதர்களுக்கிடையே தலையைக் காட்டிவிட்டு மறைந்துவிடுமாம். யாரோடும் சேராத நாய். அதன் ஏகாந்தத்தைக் கலைக்காமல், அது இருக்கும் இடத்தருகே உணவை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒருநாள் இவர்கள் மலையேறிக்கொண்டிருந்தபோது, கறுப்பன் திடீரென்று பாதையின் குறுக்கே பாய்ந்து ரமணர்மீது தாவி வாலைக் குழைத்துக் கொண்டாடினான். கூட்டத்தில் அவரை மட்டும் எப்படித் தேர்ந்தான் என்பது அவருக்கே வியப்பு. அன்றுமுதல் அவன் ஆசிரமவாசி. பழைய ஒதுக்கம் போய், வருகிறவர் எவராயினும் மடியில் ஏறி ஒண்டிக்கொள்பவனாகிவிட்டான். விலக்கினால் மீண்டும் வருவான். போ என்று உறுதியாகச் சொன்னால் கீழ்ப்படிவான்.

குகைக்கருகே வில்வமரத்தடியில் ஒருநாள் ஆசாரமான அந்தணர் ஒருவர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாய் அருகே வருவதே தீட்டு என்று கருதுபவர். கறுப்பனுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை, நெருங்கிப் போனான். அந்தணரின் மனம் நோகக்கூடாதே என்று ஆசிரமவாசி ஒருவர் கோலை ஓங்கி அவனை அடித்தார். பலமான அடியல்ல. கறுப்பன் அலறிக்கொண்டு ஓடினான். திரும்பி வரவில்லை. அதன்பின் எவர் கண்ணிலும் அவன் படவுமில்லை.

அதற்கு முன்பே எச்சரிக்கைகள் இருந்தன என்று அந்தப் பகுதி சொல்லிச் செல்கிறது. ரமணரின் அணுக்கத் தொண்டரான பழனிசுவாமி ஒருமுறை கறுப்பனைக் கடிந்துகொண்டபோது, குளிரும் மழையுமான அந்த இரவு முழுவதையும் அவன் வெளியே ஒரு கரிமூட்டையின் மேல் கழித்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், அவரிடம் திட்டு வாங்கிய வேறொரு சிறுநாய் நேராக மலையிறங்கி ஓடியது. பிறகு அதன் உடல் சங்கு தீர்த்தக் குளத்தில் மிதந்தது. நாய் தற்கொலை செய்துகொள்ளுமா என்று விஞ்ஞானம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். எனக்கு அந்த விவாதத்தில் ஆர்வமில்லை. என்னைக் கவர்வது, அந்தச் சாவைத் தற்செயல் என்று ஒதுக்காமல் மனிதரின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதே. எந்த உயிர் எந்த உடலில் வந்து நம் துணையை நாடுகிறதென்று நமக்குத் தெரியாது, கடுமையாக நடத்தாதீர்கள் என்று ரமணர் எல்லோருக்கும் அப்போதே அறிவுறுத்தியிருக்கிறார். அதன் பிறகும் கோல் ஓங்கப்பட்டது.

இதில் இன்னொன்றும் உண்டு. கறுப்பன் அடிபட்டது கடித்ததற்காக அல்ல, தீட்டுக்காக. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939இல். கறுப்பன் வாழ்ந்த காலத்தில், அதே மலையடிவாரத்துப் பெரிய கோயிலின் வாசல் மனிதர்களில் ஒரு பகுதியினருக்குத் திறக்கப்பட்டிருக்கவில்லை. மனிதரின் இழிவை நாயின் துயரத்தோடு ஒப்பிடுவது எனக்கு உடன்பாடல்ல; ஆனால் இரண்டு இடத்திலும் கோலைத் தூக்க வைத்த சொல் ஒன்றே.

செங்கம் பகுதியில் நாய்க்குப் பெயர் சொல்லி எழுதிவைத்தது ரமணரின் காலத்தில் தொடங்கியதல்ல. தண்டராம்பட்டு வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற சிற்றூரில் வட்டெழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல் அது. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே பொறித்திருக்கிறார்கள். செங்கம் நடுகற்களை 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் தலைமையில் திரட்டிப் பதிப்பித்திராவிட்டால் இது நமக்கு எட்டியிருக்காது.

கோவிவனுக்குக் கல் கிடைத்தது கடித்ததற்காக. கமலா நினைக்கப்படுவது வழிகாட்டியதற்காக. சின்னக் கறுப்பனோ எதுவும் செய்யவில்லை. வந்தான், எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டான், அடிபட்டான், போய்விட்டான். எந்தப் பயனும் இல்லாத ஒரு நாயைப் பற்றி, அதுவும் தன் இடத்தில் நேர்ந்த தவறைச் சொல்லும் விதமாக, ஒருவர் ஆண்டுகள் கழித்தும் நினைவுகூர்ந்ததும், சீடர் அதை மறைக்காமல் அச்சேற்றியதும் சாதாரணமல்ல. ஆசிரம வளாகத்தில் பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் ஆகியோரின் சமாதிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். கறுப்பனுக்கு அங்கே சமாதி இல்லை. அவனுக்கு இருப்பது அச்சில் ஏறிய அந்தச் சில பக்கங்களே.

2025ஆம் ஆண்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. வெறிநாய்க்கடி கற்பனையான அச்சமல்ல. குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் கமலாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்காக நடக்க வேண்டும். ஆனால் மலைப்பாதையில் நான் பார்ப்பது அந்த அச்சத்தை அல்ல. கைத்தடியோடு ஏறும் ஒருவர், அருகில் வாலாட்டி வரும் நாயை வெறுமனே ஓங்கிப் பார்ப்பார். பெரும்பாலும் அடிப்பதில்லை. நாய் ஒதுங்கி, பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

அன்று என்னோடு வந்த காது மடிந்த நாய், பெரிய கோயிலின் கோபுரங்கள் முழுமையாகத் தெரியும் திருப்பத்தில் நின்றது. வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள் என்று அதற்கு, அவனுக்கு, தெரிந்திருக்கிறது. நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஸ்கந்தாசிரமம் வரை கூட வந்தான். வாசற்படிக்கு வெளியே நிழலில் படுத்துக்கொண்டான். உள்ளே சென்று அரைமணி கழித்து நான் வெளியே வந்தபோது, கேரளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு முன்னால், விரூபாட்ச குகைக்குப் போகும் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தான்.