அப்பா விலை கேட்கவில்லை

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கும் ஒரு கார் ஷோரூமுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். என் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, எலிவேட், குஷாக் என்று ஐந்து கார்கள். டிக்கி எத்தனை லிட்டர், பின்சீட்டில் மூன்று பேர் நிஜமாகவே உட்கார முடியுமா, முட்டிவலி இருக்கும் அம்மா ஏறி இறங்க எது சௌகரியம் என்று நாற்பது வரிசைக்கு மேல். இதற்கெல்லாம் மார்க் போட்டு, எடை கொடுத்து, கூட்டிப் பார்த்தால் ஐந்து காரும் நூற்றுக்கு எழுபத்தொன்றுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவில் வந்து நின்றன. மூன்று வாரத்து வேலைக்கு அதுதான் பலன்.

அப்பாவுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தேன்: பேரம். முருங்கைக்காய் வாங்கினாலும் கொசுறாகக் கறிவேப்பிலை வாங்காமல் கடையை விட்டு நகராத மனிதர். என் கல்யாணத்துக்கு சமையல்காரரிடம் அவர் பேசிய பேச்சை உறவில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஷோரூமில் அவர் வாயே திறக்கவில்லை. சேல்ஸ் பையன் கொடுத்த காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சோபா நுனியில் உட்கார்ந்தார். “ஹேண்ட்லிங் சார்ஜ் எதுக்கு? இன்ஷூரன்ஸ் நான் வெளியில போட்டுக்கறேன், அந்த ஆக்சஸரி பேக்கை எடுத்துடுங்க” என்று நான் ஆரம்பித்ததும் மெதுவாக என் முழங்கையைத் தொட்டார். வெளியே வந்து செருப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “அவங்ககிட்ட அப்படிப் பேசாதடா. லிஸ்ட்ல பின்னாடி தள்ளிடுவாங்க.”

எந்த லிஸ்ட்?

ராத்திரி சாப்பிடும்போதுதான் அந்த லிஸ்ட் என்னவென்று புரிந்தது. அப்பா திருச்சியில் பேங்க் கிளார்க். 1979-ல் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்திருக்கிறார். தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு தொடங்கி, முன்பணத்தை அதில் போட்டு, பாஸ்புக்கை டீலர் பேருக்கு அடமானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டி வந்தது 1986-ல். நடுவில் ஏழு வருஷம், மாதம் ஒருமுறை டீலர் கடைக்குப் போய்த் தன் நம்பர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாராம். அந்தக் கடை முதலாளிக்குத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். வாங்குகிறவர், விற்கிறவருக்கு.

இதை அப்பாவின் சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபோது, அவர் சுபாவத்தில் பாதி அரசிதழில் அச்சாகியிருந்தது தெரிந்தது.

1959-ல் மத்திய அரசு கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. அடுத்த வருடம் ஸ்கூட்டருக்கும் அதே மாதிரி ஒன்று. டீலர் பதிவேடு வைக்க வேண்டும், வந்த வரிசைப்படிதான் வண்டி கொடுக்க வேண்டும், அரசு ஒதுக்கீட்டுக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வாங்கியவர் அனுமதி இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்குள் வண்டியை விற்கக் கூடாது. அப்பா “ரெண்டு வருஷம்” என்று அதை மனப்பாடமாகச் சொன்னார். நோக்கத்தில் தப்பில்லை. பொருள் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம், வரிசையாவது நேர்மையாக இருக்கட்டும். ஆனால் பொருள் ஏன் குறைவு என்ற கேள்விக்கு அந்த ஆணையில் பதில் கிடையாது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் லைசென்ஸ் கொடுத்தது அதே அரசுதான்.

அன்றைக்கு நாட்டில் முக்கியமாக மூன்று கார்கள். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசடர். பம்பாய் குர்லாவில் ஃபியட்; பின்னால் அதுவே பத்மினி ஆனது. மூன்றாவது நம்மூர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கம், இதே ஜிஎஸ்டி ரோட்டில்தான் அதன் தொழிற்சாலை இருந்தது. எண்பதுகளின் கடைசியில் மூடிவிட்டார்கள்; அந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது. என் நண்பர்கள் இரண்டு பேருக்கு அங்கேதான் வேலை. அவர்களிடம் சொன்னேன், “அப்படியா” என்றுவிட்டு பார்க்கிங் கிடைக்காததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வரிசையோடு விலையும் அரசின் கையில் இருந்தது. 1969-ல் இந்த மூன்று கார்களுக்கும் அரசே ஆணை போட்டு விலை நிர்ணயித்தது. கம்பெனிகள் கட்டுப்படியாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் போயின. 1971-ல் தீர்ப்பு வந்தது. இடையில் இதற்கென்றே ஒரு விசாரணைக் குழு போட்டு, உற்பத்திச் செலவு என்ன, நியாயமான லாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் உட்கார்ந்து கார் விலையைப் பேசியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான். பேரம் நடந்துதான் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் கம்பெனி, நடுவில் வக்கீல்கள். பணம் கொடுக்கப்போகிறவர் திருச்சியில் பாஸ்புக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கென்று இருந்த ஒரே சந்தை பிளாக். அலாட்மென்ட் லெட்டர் வந்ததும் வண்டியைத் தொடாமலே பிரீமியத்துக்குத் தள்ளிவிட ஆள் இருந்தார்கள். அப்பாவிடமும் ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். “எவ்வளவு கொடுக்கறேன்னாரு?” என்று கேட்டேன். “கேக்கவே இல்லைடா. கேட்டா மனசு மாறிடும்னு கேக்கல.”

1983-ல் மாருதி வந்தது. பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்யச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். யாருக்கு முதலில் என்று குலுக்கல் போட்டார்கள். டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்குக்கு இந்திரா காந்தி கொடுத்தார். விலை 47,500. கார் புதுசு, தொழில்நுட்பம் ஜப்பானுடையது. ஆனால் வரிசையும் பிரீமியமும் பழையபடியே இருந்தன. பிரதமர் கையால் சாவி வாங்குகிற இடத்தில் யார் போய் ஃப்ளோர் மேட் இலவசமா என்று கேட்பார்?

1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அதற்குப் பிறகு வந்த கதையில் பாதி சென்னையைச் சுற்றித்தான் நடந்தது. ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது, ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து 1998-ல் சான்ட்ரோவை இறக்கியது. நான் கல்லூரி படித்த காலத்தில் மெக்கானிக்கல் பையன்களுக்கு ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் பாஸ்டனும் டெட்ராய்ட்டும் மாதிரி. இன்று நாம் மிட்சைஸ் எஸ்யூவி என்று சொல்லும் வகைக்கு இந்தியாவில் வழி திறந்த ரெனோ டஸ்டர், 2012-ல் ஒரகடத்திலிருந்துதான் வெளியே வந்தது. கிரெட்டா 2015-ல்.

வரிசை போய்விட்டது, விலை நிர்ணயம் போய்விட்டது, இனி வாங்குகிறவன் ராஜா. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். என் எக்செல் ஷீட்டில் ஒரு நெடுவரிசையைக் கவனிக்கும்வரை.

எஞ்சின் கொள்ளளவு. கிரெட்டா பெட்ரோல் 1497 சிசி, டீசல் 1493. செல்டோஸும் அதே. எலிவேட் 1498. குஷாக்கின் பெரிய எஞ்சின் 1498. கிராண்ட் விட்டாராவில் ஒன்று 1462, இன்னொன்று 1490. கொரியாக்காரர், ஜப்பான்காரர், செக் நாட்டுக்காரர் எல்லோரும் தனித்தனியாக யோசித்து 1500-க்கு ஒரு முழம் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒரு இன்ஜினியருக்கு இப்படி ஒரு தரவைக் காட்டினால், இதில் இயற்பியல் இல்லை, எங்கோ ஒரு ‘இஃப்’ கண்டிஷன் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவார்.

இருந்தது. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால்? நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் 1200 சிசி, டீசல் 1500 சிசிக்குள். அந்த ஒரு வரிதான். 2008-ல் டாடா இண்டிகோவின் வாலைச் சுருக்கி நாலு மீட்டருக்குள் கொண்டுவந்தார்கள். 2012-ல் டிசையரின் வால் போனது. நம் தெருக்களில் அதுவரை பார்க்காத, பின்பக்கம் பாதியில் நிறுத்திவிட்ட மாதிரி கார்கள் ஓட ஆரம்பித்தன. மறைமலைநகரில் செய்த ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர். அந்த மிச்ச ஒரு மில்லிமீட்டரை நினைத்து எத்தனை மீட்டிங் போட்டிருப்பார்களோ.

2013-ல் அதே சிதம்பரம் எஸ்யூவிக்கு வரியை 27-லிருந்து 30 ஆக்கினார். எஸ்யூவி என்றால் 1500 சிசிக்கு மேல், 4000 மில்லிமீட்டருக்கு மேல், தரையிலிருந்து உயரம் 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். மஹிந்திரா எக்ஸ்யூவி500-ஐ 160 மில்லிமீட்டருக்கு இறக்கிப் பார்த்தது. நம்மூர் வேகத்தடைகளைத் தாண்டத்தான் ஜனங்கள் உயரமான வண்டி கேட்கிறார்கள். அதைத் தாழ்த்தி விற்றால் லாபம் என்று ஒரு சட்டம். ஜிஎஸ்டி வந்த 2017-ல் இதே வரையறைகள் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. அந்த வருஷம் செப்டம்பருக்குப் பிறகு, செஸ் சேர்த்து எஸ்யூவிக்கு 50 சதவீதம், 1500 சிசிக்குள் இருக்கும் நடுத்தரக் காருக்கு 45.

முதல் கிரெட்டா பெட்ரோலில் 1591 சிசி, டீசலில் 1582. 2020-ல் வந்த இரண்டாவது கிரெட்டா 1500-க்குள் இறங்கிவிட்டது. பி.எஸ்.6 புகை விதிகளுக்காக எப்படியும் எஞ்சினை மாற்றியாக வேண்டியிருந்தது. அதனால் எல்லாம் வரிக்காக என்று சொல்ல மாட்டேன். ஆனால் புது எஞ்சின் எந்தப் பக்கம் வந்து நின்றது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வரி இல்லாமல் பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், 45 சதவீதத்தில் ஷோரூம் விலை பதினாலரை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து முதல் இருபது லட்சம் வரையான காருக்கு ஆயுள்கால சாலை வரி 18 சதவீதம். அது இன்னொரு இரண்டரை லட்சத்துக்கு மேல். பத்து லட்ச ரூபாய் பொருளுக்கு ஏழு லட்சம் எனக்குத் தெரியாத ஒரு மேஜையில் பேசி முடிக்கப்பட்டுவிட்டது. சேல்ஸ் பையனிடம் நான் மல்லுக்கட்டியது பதினைந்தாயிரத்துக்கு.

அதற்காக அந்தப் பதினைந்தாயிரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அவன் நீட்டிய கொட்டேஷன் தாளில் ஆன்-ரோடு விலை மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. ஹேண்ட்லிங் என்று ஒரு வரி, லாஜிஸ்டிக்ஸ் என்று இன்னொரு வரி, இரண்டும் என்ன வேறுபாடு என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. அமெரிக்காவில் ஐம்பதுகளில் இதே கூத்து நடந்தது. டீலர்கள் விலையை இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டு, பழைய காருக்கு நல்ல விலை கொடுப்பதுபோல் காட்டுவார்கள். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தால், 1958 முதல் ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனி சொல்லும் விலை, கூடுதல் சாமான்களின் விலை, கொண்டுவந்த கூலி எல்லாம் அச்சடித்து ஒட்ட வேண்டும். வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை வேறு யாரும் அதைக் கிழிக்கக் கூடாது. பேரம் அதனால் நிற்கவில்லை. ஆனால் எங்கிருந்து பேச ஆரம்பிக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தெரிந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

நாங்கள் ஷோரூமுக்குப் போன அந்த வாரம் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் ஜிஎஸ்டி குறையும் என்று சொல்லியிருந்தார். எவ்வளவு, எப்போது என்று தெரியாது. ஷோரூம் காலி. “சார், இன்னிக்கு புக்கிங் மட்டும் போடுங்க சார். மாசக் கடைசி. டார்கெட் இருக்கு” என்றான் பையன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் காத்திருக்கிறேன் என்றேன். அப்பாவை ஏழு வருஷம் நிற்க வைத்த அதே காரியத்தை நான் சௌகரியமாக, ஏசியில் உட்கார்ந்து, இன்னொருவனுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22-லிருந்து செஸ் போய், நாலு மீட்டருக்கு மேற்பட்ட எல்லாப் பெட்ரோல், டீசல் காருக்கும் 40 சதவீதம் என்றானது. என் கணக்குப்படி ஐம்பதாயிரம் குறைவு, ஒரு வார்த்தை பேசாமல். இன்னொன்றும் ஆனது. நாலு மீட்டரைத் தாண்டிவிட்டால் 1500 சிசி என்ற கோட்டுக்கு இனி அர்த்தமில்லை. யாரோ எப்போதோ எழுதிவைத்த கண்டிஷனை நீக்கிவிட்டார்கள். அதை நம்பிக் கட்டிய எஞ்சின்கள் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. என் ஆபீஸில் இதற்குப் பெயர் லெகசி.

அக்டோபரில் அதே பையனிடம்தான் வாங்கினேன். எந்தக் கார் என்று சொன்னால் இது ரிவ்யூ ஆகிவிடும். ஹேண்ட்லிங் சார்ஜை எடுத்துவிட்டான். ஃப்ளோர் மேட் இலவசம்.

டெலிவரி அன்று காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைப் பெரிய அட்டை வடிவத்தில் கொடுத்து அப்பாவைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். முடிந்ததும் அப்பா அவனை ஓரமாகக் கூப்பிட்டார். அந்த ஷோரூமில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“தம்பி, இதை எவ்வளவு நாள் கழிச்சு விக்கலாம்?”

பையன் முகம் மலர்ந்தது. “எப்ப வேணாலும் எங்ககிட்டயே எக்ஸ்சேஞ்ச் போடலாம் சார். இந்த மாடலுக்கு ரீசேல் சூப்பரா இருக்கும்” என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார்.