முதல் வீடு வாங்குகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

பல குடும்பங்களுக்கு வீடு என்பது வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஈடாக வைக்கும் ஒரே கொள்முதல். முன்பணம் கைமாறும் வரை விலை பேசவும், ஆவணம் கேட்கவும், வேண்டாம் என்று விலகவும் வாங்குபவருக்கு முழு வாய்ப்பு உண்டு. பணம் கொடுத்த பின் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே முக்கியமான சோதனைகள் அனைத்தையும் அதற்கு முன்பே முடித்துவிடுவது அவசியம்.

உண்மையான செலவு எவ்வளவு?

ரிசர்வ் வங்கி விதிகளின்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன்களுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு 80 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 75 சதவீதமும் கடனாக வழங்கப்படலாம். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இம்மதிப்பில் சேராது.

எடுத்துக்காட்டாக, கட்டுமானத்தில் உள்ள ஒரு வீட்டின் விலை 60 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். 5 சதவீத ஜிஎஸ்டி 3 லட்சம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணங்கள் 7 சதவீதம் என்றால் 4.20 லட்சம். மொத்தச் செலவு 67.20 லட்சமாகிறது. விலையில் 80 சதவீதமான 48 லட்சம் கடனாகக் கிடைத்தாலும், ஏறத்தாழ 19 லட்சம் ரூபாயைச் சொந்தமாகத் திரட்ட வேண்டியிருக்கும். பணி நிறைவுச் சான்றிதழ் பெற்ற பின் விற்கப்படும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். மகாராஷ்டிரா உள்ளிட்ட சில மாநிலங்களில் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் சலுகை உண்டு.

அதே 48 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை சுமார் 41,655 ரூபாய். வட்டியாக மட்டும் ஏறத்தாழ 52 லட்சம் செலுத்த நேரிடும். மாறுபடும் வட்டியிலான தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது என்பதால், கூடுதல் வருவாய் வரும்போது அசலைக் குறைப்பது பெரும் சேமிப்பைத் தரும்.

ஆவணங்கள்

வில்லங்கச் சான்றிதழில் பதிவு செய்யப்பட்ட பரிவர்த்தனைகள் மட்டுமே இடம்பெறும். நிலுவையிலுள்ள வழக்குகளோ, வாரிசுகளின் உரிமைக் கோரிக்கைகளோ அதில் தெரியாமல் போகலாம். ஆகவே தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரையிலான தொடர்ச்சியைத் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது. வங்கி கடன் அனுமதித்துவிட்டது என்பதே போதுமான உத்தரவாதம் ஆகாது. வங்கி தனது கடனின் பாதுகாப்புக்காகவே ஆவணங்களை ஆராய்கிறது.

ரெரா தரும் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு அதிகமான நிலப்பரப்பிலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ அமையும் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு மாநில ரெரா இணையதளத்தில் அனுமதிகளையும் நிறைவுத் தேதியையும் பார்க்கலாம்.

* பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இன்றி, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது.
* வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டு, அத்திட்டத்தின் நிலம், கட்டுமானச் செலவுகளுக்கே பயன்பட வேண்டும்.
* சுவர்களுக்கு உட்பட்ட பயன்பாட்டுப் பரப்பான கார்பெட் ஏரியா தெரிவிக்கப்பட வேண்டும். பொதுப் பகுதிகளையும் சேர்த்துக் கூறப்படும் பரப்பைக் கொண்டு விலையை ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.
* ஒப்பந்தத் தேதிக்குள் வீடு ஒப்படைக்கப்படாவிட்டால், வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறலாம். அல்லது காத்திருக்கும் மாதங்களுக்கு வட்டி கோரலாம்.
* ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளை 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி இழப்பு ஏற்பட்டாலும் இழப்பீடு கோரலாம். எனவே விளம்பரக் கையேட்டைப் பத்திரப்படுத்துவதும், வாய்மொழி வாக்குறுதிகளை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுவதும் பயனளிக்கும்.

வரியும் இறுதி ஆவணமும்

சொத்தின் மதிப்பு 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவருடையது. சொந்தக் குடியிருப்பு வீட்டுக் கடனுக்கான வட்டிக் கழிவு, பழைய வருமான வரி முறையில் மட்டுமே உண்டு.

கடன் முழுமையாக அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு அளிக்க வேண்டும். கடன் பெறும்போது வங்கியில் ஒப்படைக்கும் ஆவணங்களின் பட்டியலைக் கையொப்பத்துடன் பெற்று வைத்திருப்பது அப்போது உதவும்.