ஏட்டுச் சுரைக்காய் யாருடைய கறிக்கு உதவாது?

படிப்பையும் படித்தவரையும் ஐயத்தோடும் ஏளனத்தோடும் நோக்கும் மனப்போக்கே அறிவெதிர்ப்பு. அமெரிக்க வாழ்வில் இதன் வரலாற்றை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டரின் நூல் 1963இல் வெளிவந்தது. 1952 அதிபர் தேர்தலில் அட்லாய் ஸ்டீவன்சனும் அவரை ஆதரித்த அறிஞர்களும் 'முட்டைத்தலையர்' என எள்ளப்பட்டனர். அங்கே ஏளனத்தின் இலக்கு பெரும்பாலும் உயர்கல்வி பெற்ற மேல்தட்டினரே.

தமிழ்நாட்டில் அதே ஏளனம் கீழ்நோக்கியும் பாய்கிறது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. தலைமுறைகளாக ஏட்டைத் தம் வசம் வைத்திருந்தவர், அது மறுக்கப்பட்டவரிடம் இதைச் சொல்லும்போது அது அறிவுரையன்று, தடையுத்தரவு. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. உழைப்பின் மேன்மை என்னும் பெயரில் சாதித் தொழிலை நிலைநிறுத்தும் அத்திட்டத்தைக் 'குலக்கல்வி' எனப் பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது.

அதன் எச்சத்தை இன்று திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் காணலாம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக் குடும்பத்து இளைஞர்கள் இங்கே திரள்கின்றனர். இயந்திரத்தின் கையேட்டைப் படிக்கத் தெரிந்தவர் தேவை. சட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரோ தொல்லை. சங்கம் கேட்டால் 'வெளியாட்களின் தூண்டுதல்' என்ற குற்றச்சாட்டு எழுவது வழக்கம். தொழிலாளிக்குச் சொந்தமாகச் சிந்திக்க வராது என்பதே அதன் உட்பொருள். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமோ, தொழிலகத்திற்கு வெளியே உள்ளோரும் வரம்புக்குட்பட்டு நிர்வாகிகளாகலாம் என்றது.

சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்திற்கும் மேல் நீடித்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்னும் சொல் இடம்பெறுவதை நிறுவனம் ஆட்சேபித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றபின், 2025 சனவரியில் சங்கம் பதிவு பெற்றது. வேலைநிறுத்தம் வாயிலில் நடந்தது. பதிவுரிமையோ சட்டப் பிரிவுகளைக் கொண்டு வாதாடிப் பெறப்பட்டது.

படித்தவர்மீது ஒடுக்கப்பட்டோர் கொள்ளும் ஐயம் அனைத்தும் அறிவெதிர்ப்பு ஆகாது. கல்வியின் கதவை அடைத்தவர்களும் கற்றவர்களே. ஆனால் ஏகபோகத்தை எதிர்ப்பது வேறு, கல்வியையே துறப்பது வேறு. 1907இல் வார இதழ் தொடங்கிய அயோத்திதாசர் ஏட்டைத் துறக்கவில்லை; அதைத் தம் கையில் எடுத்தார். கொலம்பியாவில் பொருளியல் பயின்ற அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1946இல், ஆலைகளின் வார வேலைநேரம் 48 மணியாகக் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டமுன்வடிவு தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, அதன் பொருளைப் படித்தறிந்தவர்கள் எதிர்த்தனர். மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது.

ஏட்டுச் சுரைக்காய் எட்டு மணி நேர வேலையைக் காத்திருக்கிறது. அதை உதவாதென்று சொல்பவர் யார் என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.