பெருத்த குடலும் பிழைபட்ட பெயரும்

1886இல் பெர்லினில் கூடிய குழந்தை மருத்துவர் மாநாட்டில், கோபன்ஹேகன் மருத்துவர் ஹாரல்டு ஹிர்ஷ்ப்ருங் இரண்டு குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். பிறந்தது முதலே மலச்சிக்கலால் துன்புற்ற அவ்விருவரும் ஓராண்டு நிறையுமுன் இறந்தவர்கள். உடற்கூறாய்வில் அவர்களின் பெருங்குடல் மிகவும் விரிந்தும் சுவர் தடித்தும் காணப்பட்டது. 1888இல் வெளிவந்த அவரது ஜெர்மன் கட்டுரையின் தலைப்பு, 'பெருங்குடலின் விரிவாலும் தடிப்பாலும் பச்சிளங்குழந்தைகளுக்கு உண்டாகும் மலச்சிக்கல்' என்று பொருள்படும்.

அத்தலைப்பின் இலக்கணத்திலேயே ஒரு நோய்க்கோட்பாடு அடங்கியிருந்தது. தமிழில் மூன்றாம் வேற்றுமையின் ஏதுப்பொருள் செய்யும் பணியை அங்கே 'இன் ஃபோல்கே ஃபோன்' என்னும் தொடர் செய்கிறது. விரிவு காரணமாகவும் சிக்கல் விளைவாகவும் நிறுத்தப்பட்டன. பின்னர் வழங்கிய 'பிறவி மெகாகோலன்', அதாவது பிறவியிலேயே பெருத்த குடல் என்னும் பெயரும் அதே திசையையே காட்டியது.

உண்மை இதற்கு நேர்மாறானது. விரிந்த பகுதி பெரும்பாலும் நலமானது. அதற்குக் கீழே, இயல்பானதாகத் தோன்றும் குறுகிய பகுதியே நோயுற்றது. குடலை அலையலையாகச் சுருக்கித் தளர்த்தும் நரம்பணுக்கள் அங்கே இல்லை. தளரவியலாத அப்பகுதி அடைப்பாகி நிற்க, அதற்கு மேலுள்ள குடல் மலத்தைத் தள்ளித் தள்ளிப் பெருத்துவிடுகிறது.

இதற்கான சான்று விரைவிலேயே கிடைத்தது. நரம்பணுக்களின் குறைபாட்டை 1901இல் டிட்டல் குறிப்பிட்டார். 1920இல் இத்தாலியரான டல்லா வாலே, கீழ்ப்பகுதியில் அவை இல்லை, மேற்பகுதியில் உள்ளன என்று காட்டினார். எனினும் சிகிச்சை மாறவில்லை. அறுவை மருத்துவர்கள் பெருத்த பகுதியை வெட்டி நீக்கினர். சிலர் பரிவு நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தனர். நோயுற்ற பகுதி உடலிலேயே எஞ்சியதால் சிக்கல் மீண்டும் தோன்றியது.

திருப்பம் 1940களில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நிகழ்ந்தது. வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே திறந்துவிட்ட குழந்தைகள் தேறினர். துளையை மூடியதும் நோய் திரும்பியது. அவ்வாறாயின் அடைப்பு துளைக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்று ஆர்வார் ஸ்வென்சன் உய்த்துணர்ந்தார். குடலினுள் பலூன்களை வைத்து அசைவைப் பதிவு செய்தபோது, கீழ்ப்பகுதியில் அலையியக்கம் இல்லை என்பது புலனாயிற்று. 1948இல் அவரும் அலெக்சாண்டர் பில்லும், குறுகிய பகுதியை நீக்கி நலமான குடலை மலவாயுடன் இணைக்கும் அறுவை முறையை வெளியிட்டனர். அதே ஆண்டில் வைட்ஹவுஸ், கெர்னோஹன் இருவரும் 11 நோயாளிகளின் குடல்களை ஆராய்ந்து நரம்பணுக்களின் இன்மையை உறுதிப்படுத்தினர்.

காரணமும் விளைவும் இடம் மாறியபோது நோயறிதலின் காலமும் மாறியது. குடல் பெருப்பதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். ஆகவே பெருத்த குடலையே நோயாகக் கொண்டவரை, பிறந்த சில நாள்களிலேயே நோயை அறிய வழியில்லை. பேரியம் கலவையைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில்கூட, முதல் சில வாரங்களில் குறுகலுக்கும் விரிவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆனால் நரம்பணுக்களின் இன்மை பிறக்கும்போதே உள்ளது. கருவில் அவை குடலின் மேலிருந்து கீழ்நோக்கி நகர்ந்து குடியேறுபவை. பயணம் இடையில் நின்றால் இழப்பு எப்போதும் கடைக்கோடியில் நேர்கிறது. எனவே மலக்குடலிலிருந்து எடுக்கும் சிறு திசுவே விடை தரும். 1950களில் ஸ்வென்சன் முன்வைத்த திசுச்சோதனைக்கு மயக்கமருந்து தேவைப்பட்டது. 1969இல் ஹெலன் நோப்லெட் வடிவமைத்த உறிஞ்சுகருவி அத்தேவையை நீக்கியது. 1972இல் மையர்-ரூகே அறிமுகப்படுத்திய நொதிச் சாயமுறை முடிவை மேலும் உறுதியாக்கியது.

ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படும் இந்நோயின் முதல் அறிகுறி, பேச்சுவழக்கில் 'காட்டுப்பீ' எனப்படும் கரும்பச்சை நிற முதல் மலம் வெளியேறத் தாமதமாவது. நிறைமாதக் குழந்தை 48 மணி நேரம் கடந்தும் அதைக் கழிக்காவிடில், வயிறு உப்பினால், பச்சை நிற வாந்தி எடுத்தால், மருத்துவர் இந்நோயையும் எண்ணிப் பார்க்கிறார். 'பிறவி மெகாகோலன்' இன்று அருகிவிட்டது. அறிவியல் பெயர் நரம்பணுக்களின் இன்மையைச் சுட்டுகிறது. வழக்கில் நிலைத்ததோ ஹிர்ஷ்ப்ருங்கின் பெயர். எதையும் விளக்க முற்படாத பெயர் என்பதால், அது எவரையும் தவறான இடத்தைப் பார்க்க வைப்பதில்லை.