விவாகரத்து, மணமுறிவு

'விவாகம்' வடமொழி. 'ரத்து' அரபுச் சொல், உருது வழியாக நம்மிடம் வந்தது. இரண்டும் ஒட்டியதே 'விவாகரத்து'. இதையும் 'மணமுறிவு' என்பதையும் ஒன்றாகவே புழங்குகிறோம். ஆனால் முறிவு இருவருக்கிடையே நேர்வது. ரத்து நீதிமன்றம் செய்வது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டு மனு. ஒருவர் மட்டும் கேட்டால், முதலில் பெரும்பாலும் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழு. பிறகு, மணவாழ்வு மீளமுடியாதபடி முறிந்துவிட்டதென்று உயர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். முறிவைக் காட்டினால்தான் ரத்து. அதுவும் தீர்ப்பு நாளிலேயே முடிவதில்லை. முதலில் வருவது இடைக்கால ஆணை. வழக்கமாக 3 மாதம் கழித்தே இறுதி ஆணை. அதுவரை மறுமணத்துக்கு வழியில்லை.

என்னை வருத்துவது வேறொன்று. 1982-க்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கோயிலில் தாலி மட்டும் கட்டி, பதியாமல் விட்டவர்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் கல்யாண ஆல்பம். பதிவுச் சான்றிதழ் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முறிவு உண்டு. ரத்து செய்யத்தான் சட்டத்தின் கண்ணில் விவாகம் இல்லை.