செங்குதியின் சரித்திரம்

பெண்களுக்கே உரிய அலங்காரமென்று இன்று நாம் எண்ணுகிற குதியுயர்ந்த பாதரட்சையை முன்னர் விரும்பி அணிந்தவர்கள், அங்கவடியில் கால் நழுவாதபடி ஊன்றி நின்று அம்பெய்ய வேண்டியிருந்த பாரசீகக் குதிரைவீரர்கள் என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதனைக் கைக்கொண்டபோது, சவாரிக்கு உதவிய குதி, உழைத்து உண்ண அவசியமில்லாதவர் இவர் என்று பறைசாற்றும் சின்னமாயிற்று.

பிரான்ஸ் தேசத்துப் பதினான்காம் லூயி மன்னரை இயாசிந்த் ரிகோ 1701-இல் தீட்டிய சித்திரத்தில், பொன் அல்லிகள் இழைத்த நீல மேலங்கியை ஒதுக்கி, அறுபதைக் கடந்த வயதிலும் வெண்காலுறையணிந்த கால்களைப் பெருமிதத்தோடு காட்டி நிற்கும் அவ்வரசரின் வெள்ளைப் பாதரட்சைகளில், குதி மட்டும் செக்கச்சிவந்திருப்பதைக் காணலாம். வர்ஸேய் அரண்மனையில் அச்செந்நிறம் அரசவைப் பிரபுக்களின் அடையாளமாயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடவர் உயர்குதியைக் கைவிட்டனர்; நாளடைவில் அது பெண்களுக்கே உரியதாயிற்று. 1950-களில் உருக்குத் தண்டை உள்ளே பொருத்தும் உபாயம் வந்தபின், குதி ஊசிபோல் மெலிந்தது.

1993-இல் பாரிஸ் நகரத்துப் பாதரட்சை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் லூபுத்தான், தாம் வரைந்த சித்திரத்தின் பொலிவு செய்த மாதிரியில் இல்லையே என்று மனங்குறைந்து, உதவியாளரின் சிவப்பு நகச்சாயத்தை வாங்கி அதன் அடிப்பாகத்தில் பூசினாராம். அணிந்தவள் தானே காணாத, பின்னால் வருபவருக்கே புலப்படுகிற சிவப்புக்கு இத்தனை விலையா என்று கேட்பாருண்டு; பிறர் காண்பதற்கென்றே பிறந்த ஆபரணத்துக்கு அது குறையன்று என்பது என் துணிபு. நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் அச்சிவப்பை அவருடைய வியாபார முத்திரையென ஒப்பி, பாதரட்சை முழுவதுமே சிவப்பாயிருப்பின் மட்டும் அவ்வுரிமை செல்லாதெனத் தீர்த்தது.